புள்ளி மேலேயே இருக்கட்டும்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூங்கொடி அக்காவைப் பற்றி எங்கள் ஊரில் இப்போது பேசப்படுவதில் பாதி உண்மையில்லை. உண்மையில்லாத அந்தப் பேச்சால் ஐந்து பேருக்குக் கிடைக்க இருந்த வேலை கிடைக்காமல் போக இருந்தது. அந்த ஐந்து பேரில் ஒருத்தி என் உடன்பிறந்தவள் தேன்மொழி. வீட்டில் அவளைத் தேனு என்று கூப்பிடுவோம். இந்தக் கட்டுரையில் அக்கா என்று நான் எழுதுவது பூங்கொடி அக்காவைத்தான். அவரை அறிந்தவர்கள் நான் ஏதாவது தவறாக எழுதியிருந்தால் திருத்த வேண்டும்.

செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்னக் கோழிப்பண்ணை இருக்கிறது. அப்பாவும் தேனுவும் நானும் முட்டை அறையில் உட்கார்ந்து அட்டைகளில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம். தேனுவின் போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே அதை இடுக்கிக்கொண்டு கேட்டாள். பேசியவள் சுகன்யா. அக்காவிடம் பயிற்சி பெற்ற ஐந்து பேரில் அவளும் ஒருத்தி. சேலம் ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் துணையாக இருந்தவள்.

"என்னது?" என்றாள் தேனு. பிறகு, "எப்ப?" என்றாள்.

அவள் கையில் ஒரு முட்டை இருந்தது. முட்டை அட்டையில் நிற்க வேண்டுமென்றால் கூர்முனை கீழே போக வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் பிறந்தவர்கள் முட்டையை எடுத்தாலே மணிக்கட்டு தானாகத் திரும்பிவிடும். தேனு அன்று அதைத் திருப்பவில்லை. எடுத்தது எடுத்தபடி, அதைப் பார்க்காமலே, படுத்த வாக்கிலேயே மேசைமேல் வைத்தாள். அது மெல்ல உருளத் தொடங்கியது. விளிம்புக்கு வருவதற்குள் நான் பிடித்துவிட்டேன்.

"பூங்கொடியக்கா போயிட்டாங்களாமுங்கப்பா."

அப்பா எழுந்து நின்றார். "நேத்துக்கூட எந்திரிச்சு உக்காந்து இட்லி தின்னுச்சுன்னாங்களே," என்றார். அவர் மறுபடி உட்கார்ந்து, மிச்சமிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி முடித்தார். பிறகுதான் சட்டை மாற்றப் போனார்.

தேனு அந்த ஒரு முட்டையைத் திருப்பாமல் வைத்ததை நான் மட்டும் கவனித்தேன். அது எத்தனை பெரிய காரியம் என்பது அக்காவை அறியாதவர்களுக்குப் புரியாது. அதற்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அக்காவின் சொந்த ஊர் மல்லசமுத்திரம். விலங்கியல் படித்தவர். படிப்பு முடிந்ததும் எங்கள் பக்கத்தில் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் வேலை கிடைத்து, தம் தாயார் ருக்குமணி அம்மாளுடன் எங்கள் தெருவில் குடிவந்தார். அப்போது நான் அரிச்சுவடி படித்துக்கொண்டிருந்தேனாம். கோழி முட்டையைப் பொரிக்க வைத்தால் அடிக்கடி திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். திருப்பாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிச் செத்துவிடும். இயந்திரம் அதைச் செய்யும். கரண்ட் போனால் கையால் செய்ய வேண்டும். அக்கா பொறுப்பில் இருந்த அறையில் குஞ்சு வீணாகாது என்று பெயர் இருந்தது.

ஒரு வருடம், கடற்கரையில் ஆமை முட்டைகளைப் பாதுகாக்க ஆட்கள் தேவை என்று கேள்விப்பட்டு ஒரு பருவத்துக்குப் போனார். தை பிறந்தால் பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் கரையேறி, மணலில் குழி பறித்து முட்டையிட்டுவிட்டுப் போகும். நாயும் நரியும் அவற்றைத் தோண்டித் தின்றுவிடும். அதனால் முட்டைகளை எடுத்துவந்து, வேலி போட்ட இடத்தில் அதே ஆழத்தில் புதைத்து வைப்பார்கள். குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடுவார்கள். "முட்டை வேலைதானே, நம்மளுக்குத் தெரியாததான்னு போனேன். அந்தத் திமிருதான் சாமி என்னயக் கொண்டுபோயிச்சு," என்று அக்கா சொல்வார்.

அந்தப் பருவத்தில் நடந்ததை, பயிற்சிக்கு வந்த ஒவ்வொரு குழுவுக்கும் முதல் நாளே சொல்லிவிடுவார். ஐந்து பேருக்கும் அவர் சொன்னபோது நானும் ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். அங்கே யாரும் முட்டையைத் திருப்பவில்லை. புதைத்தார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள். அக்காவுக்கு மனம் பொறுக்கவில்லை. பாவம், இவர்களுக்குத் தெரியாது போல என்று நினைத்தார். தம் பொறுப்பில் விட்டிருந்த ஒரு குழியை மட்டும் தினமும் சாயங்காலம் கையால் தோண்டி, முட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்து, மறுபடி மூடினார். யாரிடமும் சொல்லவில்லை.

ஆமை முட்டை கோழி முட்டைக்கு நேர் எதிரானது. கரு மேல்பக்கத்து ஓட்டில் ஒட்டிக்கொண்டுதான் வளரும். திருப்பினால் அறுந்து செத்துவிடும். சுற்றியிருந்த குழிகளிலெல்லாம் குஞ்சுகள் வெளிவந்தன. அக்காவின் குழியில் மணல் அசையவே இல்லை.

"நூத்துச் சொச்சம் முட்டை. ஒண்ணொண்ணா உடைச்சுப் பாத்தேன். எல்லாத்துலயும் கரு இருந்துச்சு. நெம்ப ஆசையா, நெம்ப கவனமாத்தான் கொன்னிருக்கேன்," என்றார் அக்கா. ஐந்து பேரும் தலை குனிந்திருந்தார்கள். "இத எதுக்குச் சொல்றேன்னா, நீங்களும் இதே தப்பத்தான் பண்ணுவீங்க. வேற ஊருக்காரங்க வேற தப்புப் பண்ணுவாங்க. நாமக்கல்லுக்காரங்க இதைத்தான் பண்ணுவாங்க."

அந்த இடத்தின் பொறுப்பாளர் ஸ்டெல்லா என்பவர். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். அக்கா அவரிடம் நேராகப் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அவர், "இனி நீ திருப்ப மாட்டே. உன்னைய அனுப்பிட்டு வேற ஆளைப் போட்டா அவன் திருப்புவான். நீயே இரு," என்றாராம். அக்கா அங்கேயே இருந்துவிட்டார். வருடத்தில் பாதி கடற்கரையிலும், மீதி எங்கள் தெருவிலும் இருந்தார்.

எங்கள் பண்ணையில் கோழி இல்லாத பழைய ஷெட் ஒன்று உண்டு. அதைக் கேட்டு அக்கா அப்பாவிடம் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா தீவனம் கலக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, அந்தப் பழைய ஷெட்டு சும்மாதானுங்களே கெடக்குது?"

"கெடக்குது. எதுக்கு அம்மிணி?"

"மணல் கொட்டி, நம்ம புள்ளைகளுக்கு ஆமை முட்டை எடுக்கற வேலை சொல்லிக்குடுக்கலாம்னு இருக்கறனுங்க."

அப்பா சிரித்துவிட்டார். "கடலு எங்க கெடக்குது, எருமப்பட்டி எங்க கெடக்குது? உங்கூருப் பேருல சமுத்திரம் இருக்குதுங்கறதுக்காக இங்க அலையடிக்குமா?"

"கடலு அங்கயே இருக்கட்டுமுங்க. கையத்தான் இங்க பழக்கோணும். சீசன் வந்தா அங்க சொல்லிக்குடுக்க ஆருக்கு நேரமிருக்குது?"

"அங்கத்துப் புள்ளைக இல்லையா அதுக்கு?"

"இருக்கறாங்க. அவியளுக்குக் கடலு தெரியும், காத்து தெரியும். நம்ம புள்ளைக கையில முட்டை உடையாது. ரெண்டு பேரும் சேந்தாத்தானுங்க வேலை நடக்கும்."

அப்பா ஷெட்டைக் கொடுத்தார். யாரோ வீடு கட்டி மிச்சமாகிக் கிடந்த ஆற்று மணலை அக்கா டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினார். புதுக் கோழிகள் போடும் சிறு முட்டைகளை அப்பாவிடம் வாங்கி, ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். மணலில் ஒரு கை ஆழத்துக்குக் குழி தோண்ட வேண்டும். வாய் குறுகலாகவும் அடி அகலமாகவும் குடம் போல இருக்க வேண்டும். கூடையிலிருந்து முட்டையை எடுத்து அதற்குள் இறக்க வேண்டும். எடுத்ததிலிருந்து வைக்கும் வரை புள்ளி மேலேயே இருக்க வேண்டும். பயிற்சியில் முக்கியமான பாடம் இதுதான். ஆமை முட்டை உருண்டையாக, பந்துபோல மெத்தென்று இருக்கும், இது வேறு என்று அக்காவே சொல்லிவிட்டார். ஆனால் கைக்கு வேண்டிய பழக்கம் ஒன்றுதான்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும். முதல் நாள் ஐந்து பேரில் ஒருவராலும் முடியவில்லை. முட்டையைத் தொட்டதும் மணிக்கட்டு திரும்பியது. தேனு எங்கள் வீட்டிலேயே மிக வேகமாக அட்டை அடுக்குபவள். அவளுக்குத்தான் மற்றவர்களைவிட அதிகமாகத் தவறியது.

"மூளை சுளுவா கத்துக்கும். கையிதான் மறக்காது. கைய மறக்க வெக்கோணும்," என்பார் அக்கா.

புள்ளி சாய்ந்த முட்டையைத் தனியாக எடுத்து வைப்பார்கள். பயிற்சி முடிந்ததும் அதை வேகவைத்து, சாய்த்தவரே தின்ன வேண்டும். இது அக்கா வைத்த சட்டம். ஐந்து பேரில் ஒருவரான கார்த்தி அண்ணன், ஏழெட்டு முட்டை தின்றுவிட்டு, "அக்கா, நான் வேணும்னேதானுங்க சாய்க்கறேன். எங்கூட்டுல சனிக்கெழமைன்னா முட்டை ஆக்க மாட்டாங்க," என்றார். "அப்படியா? இனி உப்பில்லாம தின்னு," என்றார் அக்கா. அன்றிலிருந்து கார்த்தி அண்ணனுக்குப் புள்ளி சாய்வது குறைந்தது.

எனக்குக் கை நீளம் போதாததால் குழி தோண்ட விடவில்லை. மணலுக்குள் வெப்பமானியை வைத்துச் சூடு பார்க்கும் வேலையையும், குழியைத் திறந்து புள்ளிகளைச் சரிபார்க்கும் வேலையையும் கொடுத்தார். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள், குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகள் என்று அக்கா சொன்னபோது நான் நம்பாமல் நூலகத்தில் தேடிப் படித்தேன். உண்மைதான். "நான் சொன்னத நம்பாமத் தேடிப் பாத்தியாமா?" என்று கேட்டார். கோபிப்பார் என்று பயந்தேன். "இனியும் அப்படியே பண்ணு," என்றார்.

அக்காவுக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. பள்ளியில் பேச அழைத்தபோது எங்கள் தலைமையாசிரியர் "சேவை" என்று சொல்லிப் பாராட்டினார். வெளியே வந்ததும் அக்கா ஐந்து பேரிடமும் சொன்னார்: "சேவைன்னு ஆரு சொன்னாலும் வேலைன்னு திருத்துங்க. சேவைன்னா ரெண்டு வருசத்துல சலிச்சுப்போயி ஊட்டுக்கு வந்துருவீங்க. வேலைன்னா அங்கயே நெலச்சு நிப்பீங்க. அடுத்தவங்களுக்குச் சொல்லிக்குடுப்பீங்க."

வெளிச்சத்தைப் பற்றியும் எழுத வேண்டும். கோழிப்பண்ணையில் பொழுது சாய்ந்ததும் விளக்குகள் எரியும். வெளிச்சம் குறைந்தால் கோழி முட்டையிடுவது குறையும். கடற்கரையிலோ வெளிச்சமே ஆகாது. ஆமைக் குஞ்சு மணலிலிருந்து வந்ததும் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நினைத்து ஓடும். தெருவிளக்கு எரிந்தால் ஊருக்குள் போய்ச் செத்துவிடும். அதனால் அங்கே எல்லா வேலையும் இருட்டில்தான். மிஞ்சினால் ஒரு சிவப்பு டார்ச். அந்த இருட்டுக்குக் கையைப் பழக்க வேண்டும், அரை மணி நேரம் பண்ணை விளக்குகளை நிறுத்த முடியுமா என்று அக்கா ஒருநாள் அப்பாவிடம் கேட்டார்.

"நல்லா இருக்குதே! வெளக்க நிறுத்துனா கோழி மெரண்டுக்கும். நாளைக்கு முட்டை கொறையும். உன்ற ஆமை பொழைக்கறதுக்கு என்ற கோழி கெடந்து சாகோணுமா?"

"கோழி சாகாதுங்கண்ணா. கோவிச்சுக்கும்."

"கோழி கோவிச்சா வியாபாரி கோவிப்பான். போ அம்மிணி."

அக்கா சிரித்துக்கொண்டே போய், பழைய ஷெட்டின் கம்பிவலையில் தீவனச் சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டார். ஆனாலும் இடுக்குகளில் வெளிச்சம் வந்துகொண்டுதான் இருந்தது. "இதான் ரோட்டு லைட்டுன்னு நெனச்சுக்கோங்க," என்றார். அப்பா அதற்குப் பிறகும் விளக்கை நிறுத்தவில்லை. அக்கா இருந்தவரை ஒருநாளும் நிறுத்தவில்லை.

கடைசித் தேர்வு எப்படி இருக்கும் என்பதையும் அக்கா முன்பே சொல்லியிருந்தார். ஆளுக்கு இருபது முட்டை. இருட்டில் செய்ய வேண்டும். இருபது புள்ளியும் மேலே இருந்தால்தான் தேர்ச்சி. "அன்னிக்கு நான் உள்ள வரமாட்டேன். நான் இருந்தா என்ற மூஞ்சியப் பாத்துப் பாத்துச் செய்வீங்க. வெளிய நிக்கறேன். நான் இல்லாம நீங்க செய்யோணும்." இதை வைத்துப் பலர், அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. முந்தைய வருடங்களில் வந்த எல்லாக் குழுவுக்கும் அவர் அப்படித்தான் தேர்வு வைத்தார். ஸ்டெல்லா அக்காவே அதை உறுதி செய்தார்.

கார்த்திகை மழை விட்ட பிறகு அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் கசாயம் குடித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தார். பிறகு வரவில்லை. நாமக்கல்லில் பார்த்து, அங்கிருந்து சேலத்துக்கு அனுப்பினார்கள். டெங்கு என்றார்கள்.

இறுதிச் சடங்கு மல்லசமுத்திரத்தில் நடந்தது. நாங்கள் போயிருந்தோம். பந்தலுக்குள் பெண்கள் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"உப்புக்காத்து ரத்தத்துல ஏறிப்போச்சாமா."

"ராத்திரியெல்லாம் கடலோரத்துல நின்னா ஒடம்பு என்னாகுமுங்க?"

"இன்னும் அஞ்சு புள்ளைகளக் கூட்டிட்டுப் போறதா இருந்துச்சாமே. நல்லவேளை."

அந்த "நல்லவேளை" என்ற சொல்லைக் கேட்டதும் தேனு என் கையைப் பிடித்தாள். உண்மையை எழுதுகிறேன். அக்கா அப்போது கடலைப் பார்த்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவரைக் கொன்றது எங்கள் தெருக் கொசு. அடுத்த வாரம் பேரூராட்சியிலிருந்து வந்து பார்த்தபோது, பல வீடுகளின் தண்ணீர் டிரம்களில் கொசுப் புழுக்கள் இருந்தன. எங்கள் வீட்டு டிரம்மிலும் இருந்தன. அதை அப்பாவே கவிழ்த்துக் கொட்டினார். கொட்டிய பிறகும் வெகுநேரம் அந்த டிரம்மைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் தேனு கடற்கரை வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"கொசுன்னு எனக்குந் தெரியும் கண்ணு. நான் அவியளாட்டப் பேசல. அந்தப் புள்ள இருக்குதுங்கற தைரியத்துலதான் சரின்னேன். இப்ப ஆரை நம்பி அனுப்பறது?"

"ஸ்டெல்லாக்கா இருக்கறாங்கப்பா."

"அவங்க மொகத்த நான் பாத்ததே இல்ல."

"நான் என்னய நம்பிப் போறனுங்கப்பா."

"இருபத்தோரு வயசுல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவீங்க," என்று அப்பா எழுந்துவிட்டார்.

கார்த்தி அண்ணன் வீட்டிலும் சுகன்யா வீட்டிலும் இதேதான் நடந்தது. மார்கழியில் எதையும் பேச வேண்டாம் என்று தள்ளிப்போட்டார்கள். ஸ்டெல்லா அக்கா போன் செய்தார். தேனு ஒலிபெருக்கியில் போட்டதால் நானும் கேட்டேன். முதலில் இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு அவர், "நா உங்கள அவசரப்படுத்தலம்மா. ஆனா ஆமை யாருக்காகவும் காத்துக் கெடக்காது. பொங்கல் முடிஞ்சு நீங்க வரலன்னா மேலேருந்து வேற ஆளு போட்ருவாங்க. பூங்கொடி பழக்குன கையின்னு சொல்லித்தான் அஞ்சு எடம் புடிச்சு வச்சிருக்கேன்," என்றார்.

அந்த நாட்களில் எனக்குப் படிப்பே ஓடவில்லை. தேனு பேசாமல் அட்டை அடுக்குவாள். அவள் மணிக்கட்டு மறுபடி திரும்பத் தொடங்கியிருந்ததை நான் பார்த்தேன். ஒவ்வொரு முட்டைக்கும் அக்கா கற்றுக்கொடுத்தது கொஞ்சம் கொஞ்சமாக அழிவதுபோல் இருந்தது. இந்தக் கை இன்னும் எத்தனை நாள் நினைவு வைத்திருக்கும் என்று கவலையாக இருந்தது. அப்பாவிடம் சொல்லலாமா என்று பலமுறை அவர் பக்கத்தில் போய் நின்றேன். "என்ன கண்ணு?" என்பார். ஒன்றுமில்லை என்று வந்துவிடுவேன்.

தேர்வை நடத்திவிடலாம் என்று சொன்னது ருக்குமணி அம்மாள். மகளின் பொருள்களை எடுத்துவைக்க எங்கள் தெருவுக்கு வந்தவர், சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"போறீங்களோ இல்லியோ, அது உங்க அப்பன் ஆத்தா பாடு. அவ நடத்தறதா இருந்த பரிச்சைய முடிச்சுப்போடுங்க சாமி. வெளிய நிக்கறேன்னு சொன்னாளாமே. நான் நிக்கறேன்."

ஐந்து பேரும் வந்தார்கள். வீட்டில் அனுப்ப மாட்டோம் என்று சொல்லப்பட்டவர்களும் வந்தார்கள். பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்தோம். பண்ணையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சாக்கு இடுக்குகள் வழியாக மஞ்சள் வெளிச்சம் மணல்மேல் கோடு கோடாக விழுந்தது. ருக்குமணி அம்மாள் ஷெட்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். உட்கார மாட்டேன் என்றுவிட்டார்.

நான்கு பேர் முடித்தார்கள். நான் மணலை விலக்கி, சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். எல்லாப் புள்ளிகளும் மேலே இருந்தன. கார்த்தி அண்ணனுடையதும்தான். கடைசியாகத் தேனு செய்தாள். அப்போது அப்பா வாசலில் வந்து நின்றதைப் பார்த்தேன். எதற்கு வந்தார் என்று தெரியவில்லை. நிறுத்தச் சொல்ல வந்திருக்கிறார் என்றுதான் பயந்தேன்.

தேனுவின் குழியைத் திறந்தேன். ஒரு முட்டையில் புள்ளி பக்கவாட்டில் இருந்தது.

அதை நேராக்க ஒரு விரல் போதும். எல்லோரும் எனக்குப் பின்னால் நின்றார்கள். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கடற்கரையில் இப்படிச் சாயும் ஆமை முட்டைக்குத் தெரியும் என்று தோன்றியது.

"ஒண்ணு சாஞ்சிருக்குது," என்றேன்.

"ஏம்புள்ள, கூடப் பொறந்தவளுக்கே இப்படிப் பண்றியே!" என்றார் கார்த்தி அண்ணன்.

"இருபதுல ஒண்ணுதான?" இது அப்பாவின் குரல். எல்லோரும் திரும்பினார்கள்.

"ஒண்ணுன்னாலும் அது செத்துப்போகுமுங்கப்பா," என்றாள் தேனு. "நான் மறுக்காச் செய்யறேன். இந்த வெளிச்சந்தான். மங்கலாத் தெரியறதால கையப் பாக்கறேன். முட்டை கண்ணுல பட்டாலே கையி பழைய வேலையச் செய்யுது. பாக்காம இருந்தாத் திரும்பாது."

"பாக்காம இருந்தாத் திரும்பாதுங்கறது உனக்கெப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், போன் வந்தபோது, அவள் முட்டையைப் பார்க்காமலே மேசைமேல் வைத்ததைச் சொன்னேன். படுத்த வாக்கிலேயே வைத்ததையும், அது உருண்டதையும், நான் பிடித்ததையும் சொன்னேன். தேனு, "நானா?" என்றாள். அன்று அப்பாவும் அதே மேசையருகில்தான் உட்கார்ந்திருந்தார்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் முறை தேனு வைத்த இருபது முட்டைகளிலும் புள்ளி மேலேயே இருந்தது. நான்தான் பார்த்தேன், உண்மை. மறுநாள் எங்கள் பண்ணையில் முட்டை குறைந்தது, அதுவும் உண்மை. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் தேர்வில் சாய்ந்த அந்த ஒரு முட்டையைத் தேனு உப்பில்லாமல் தின்றாள். அப்பா ஸ்டெல்லா அக்காவுடன் போனில் பேசினார், கார்த்தி அண்ணன் வீட்டுக்கும் சுகன்யா வீட்டுக்கும் தாமே போய்ப் பேசினார். பொங்கல் முடிந்து ஐந்து பேரும் கிளம்புகிறார்கள். கொண்டுபோய் விட்டு, இடத்தைப் பார்த்துவிட்டு வர அப்பாவும் கூடப் போகிறார்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். கடற்கரையிலும் கொசு இருக்கும். தேனுவுக்கு நீச்சல் தெரியாது. போன் எடுக்காத நாளில் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அக்கா இருந்திருந்தால் இதையெல்லாம் அவரிடம் கேட்டிருப்பேன். "தேடிப் பாத்துப் படிச்சியாமா?" என்று அவர் கேட்டிருப்பார்.

அக்கா, உங்கள் டார்ச்சை உங்கள் தாயார் தேனுவிடம் கொடுத்திருக்கிறார். சிவப்புத் தாள் ஓரத்தில் கிழிந்திருந்ததால் நான் புதிதாக ஒட்டியிருக்கிறேன். உங்களை நான் ஒருமுறைகூடக் கடற்கரையில் பார்த்ததில்லை. இனிப் பார்க்கவும் முடியாது. எங்கள் பழைய ஷெட்டில் முழங்கை வரை மணலோடு நீங்கள் நிற்பதைத்தான் நான் நினைவில் வைத்திருப்பேன். போய் வாருங்கள்.

இரண்டாம் முறைக்கு முன்னால் நடந்த ஒன்றை மட்டும் கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அப்பா மணலைப் பார்த்தார். சாக்கு இடுக்கில் வந்து விழுந்த வெளிச்சக் கோட்டின்மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு வெளியே போனார். சுவரோரம் நின்ற ருக்குமணி அம்மாளிடம், "எத்தன நேரம் வேணுமுன்னு கேட்டுச்சுங்க அந்தப் புள்ள?" என்று கேட்டது எங்களுக்குக் கேட்டது.

"அரை மணி நேரமுன்னு சொல்லுவா சாமி."

அப்பாவின் செருப்புச் சத்தம் பண்ணைப் பக்கம் போயிற்று. மெயின் சுவிட்ச் இருக்கும் பெட்டியின் தகரக் கதவு கிரீச்சிட்டது. கோழிகள் எல்லாம் ஒரே சமயத்தில் முனகி, மெல்ல அடங்கின. மணல்மேல் கிடந்த மஞ்சள் கோடுகள் மறைந்தன. தேனு மூச்சை இழுத்துவிட்டு, கூடைக்குள் கையை விடும் சத்தம் மட்டும் கேட்டது. விளக்குகள் அணைக்கப்பட்டுவிட்டன.